லம்பாடி எஞ்சின் பைபர் போட்ல பேட்டரி, லைட்டு, எக்கோ, வயர்லெஸ் எல்லாம் மாட்டணும், வயரிங் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வாடைக்காத்து28:

வணக்கம் அண்ணன்மாரே. நாங்க நாகப்பட்டினம் பக்கம். அண்ணனும் நானும் சேந்து 28 அடி பைபர் போட் வச்சிருக்கோம், லம்பார்டினி டீசல் எஞ்சின், எங்க ஊர்ல லம்பாடின்னுதான் சொல்லுவோம், கயித்த சுத்தி இழுத்து ஸ்டார்ட் பண்றது, டைனமோ எதுவும் கிடையாது. சாயந்திரம் போய் வலை விட்டுட்டு விடியக்காலம் வலைய வாங்கிட்டு, அதாவது இழுத்து போட்ல ஏத்திட்டு, கரைக்கு வர்ற தொழில்.

இதுவரைக்கும் கரண்டுன்னு சொன்னா ரெண்டு சார்ஜ் லைட்டு, அண்ணனோட செல்போன், அவ்வளவுதான். போன மாசம் ராத்திரி ஒரு மணி இருக்கும், வலையோட கெடக்குறோம், ஒரு விசைப்படகு நம்மள பாக்கவே இல்லாம நேரா வந்துருச்சு. அண்ணன் சார்ஜ் லைட்ட தலைக்கு மேல தூக்கி ஆட்டி கத்துனதுல கடைசி நேரத்துல திருப்புனான். ஆள் தப்பிச்சோம், வலைதான் ரெண்டு துண்டு போச்சு. அதுல இருந்து அம்மா ஒரே பிடியா பிடிச்சிக்கிச்சு, லைட்டு போடாம கடலுக்கு போகக்கூடாதுன்னு.

சரி போடுறதுதான் போடுறோம் எல்லாத்தையும் ஒரே தடவையா போட்டுடலாம்னு நெனக்கிறோம். பச்சை செவப்பு லைட்டு, மேல வெள்ளை லைட்டு, வலை வாங்க ஒரு எல்இடி, ஜிபிஎஸ்சும் எக்கோவும் (கடல் ஆழம் காட்டுறது) ஒன்னா வர்ற 7 இஞ்ச் செட்டு, விஎச்எப் வயர்லெஸ், தண்ணி இறைக்க பம்ப், போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட். டவுன்ல ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்து பாத்தாரு. வேலைக்கும் வயருக்கும் சேத்து 18 ஆயிரம் கேக்குறாரு, பேட்டரி தனி. கார் பேட்டரியே போதும், நெகட்டிவ்க்கு தனியா வயர் இழுக்க வேணாம் எஞ்சின் பாடில எர்த் எடுத்துக்கலாம் வயர் மிச்சம்னு சொல்றாரு. எனக்கு ஐடிஐ படிச்ச மச்சான் ஒருத்தர் இருக்காரு, நாமளே செஞ்சிடலாம்டாங்கறாரு. வீடு கட்டினப்ப மிஞ்சின ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ஒரு காயில் முழுசா கெடக்கு, அத வச்சே பண்ணிடலாமா? பேட்டரி எத்தனை ஆம்ப் வாங்கணும்? சோலார் போட்டா தாங்குமா? எதுவுமே தெரியல, கொஞ்சம் வெவரமா சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

முத்துநகர் மாலுமி:

தம்பி ரொம்ப யோசிக்காதீங்க. நான் தூத்துக்குடி, ஆறு வருசமா கார் பேட்டரிதான் வச்சி ஓட்டுறேன், கரைக்கு வந்ததும் வீட்டுக்கு தூக்கிட்டு போய் சார்ஜ் போட்டு காலைல தூக்கிட்டு வருவேன். வருசத்துக்கு ஒரு பேட்டரி போவும், அது தொழில் செலவுல சேந்துரும். லைட்டு வயர் மட்டும் அப்பப்ப அந்துபோவும், முறுக்கி டேப் சுத்திக்கிட வேண்டியதுதான். எல்லாத்தையும் புக்குல இருக்கிற மாதிரி செஞ்சா போட் வெலைய விட வயரிங் வெல கூடிரும்.

டிசி கரண்டு:

மேல சொன்ன அண்ணனுக்கு மரியாதையோட ஒன்னு சொல்றேன், "வருசத்துக்கு ஒரு பேட்டரி போவும், வயர் அப்பப்ப அந்துபோவும்"னு நீங்களே சொல்லிட்டீங்க. அந்து போறது கரைல கெடக்கறப்ப அந்து போனா பரவால்ல. நான் 11 வருசம் வளைகுடால ஒரு படகு கட்டுற யார்டுல எலெக்ட்ரீஷியனா இருந்தவன், இப்ப ஊர்ல கடை வச்சிருக்கேன். ரிப்பேருக்குன்னு வர்ற படகுல எக்கோ கெட்டுப்போச்சு வயர்லெஸ் கெட்டுப்போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க, தொறந்து பாத்தா செட்டு நல்லாவே இருக்கும், செட்டுக்கு போற வயர்ல, ஜாயிண்ட்ல, பியூஸ் ஹோல்டர்ல களிம்பு ஏறி கெடக்கும். நீங்க காசு போட வேண்டியது செட்டுல கம்மி, வயர்லயும், வயர் நுனில மாட்டுற லக்குலயும் கொஞ்சம் கூட.

வாடைக்காத்து தம்பி, மொதல்ல அந்த எர்த் வெவகாரம். கார்ல பாடி முழுக்க இரும்பு, அதனால ஒரு வயர் போதும். உங்க போட் பைபர், அதுல கரண்டு போவாது. எஞ்சின் பாடில எர்த் எடுத்தாலும் அணியத்துல, அதாவது போட் முன்பக்கத்துல இருக்கிற லைட்டுக்கு நெகட்டிவ் எங்கருந்து வரும்? கடைசில அவரும் வயர்தான் இழுக்கணும். அதுவும் போக எஞ்சின், ஷாப்ட், புரொப்பல்லர் எல்லாம் கடல் தண்ணில இருக்கு, அதுக்குள்ள போட்டோட மொத்த கரண்டும் ஓடுற மாதிரி வச்சா அரிப்புக்கு நாமளே பந்தி போட்டு பரிமாறுற மாதிரி. ஒவ்வொரு பொருளுக்கும் பாசிட்டிவ் ஒன்னு நெகட்டிவ் ஒன்னு, ரெண்டும் ஒரே அளவு வயர், ரெண்டும் பேட்டரி கிட்ட இருக்கிற பெட்டிக்கு வரணும், நெகட்டிவ் எல்லாம் ஒரு பஸ்பார்ல, அதாவது பல வயர ஒன்னா மாட்டுற உலோகப் பட்டைல சேரணும். இதுல பேச்சே இல்ல.

ரெண்டாவது பேட்டரி. பேட்டரிய மொதல்ல வாங்காதீங்க, கணக்கு போட்டுட்டு வாங்குங்க. ராத்திரி 10 மணி நேரம் கடல்ல இருக்கீங்கன்னு வச்சிக்குவோம். 7 இஞ்ச் ஜிபிஎஸ் எக்கோ சுமாரா 1 ஆம்ப் இழுக்கும், 10 மணி நேரத்துக்கு 10 ஆம்ப் ஹவர். வயர்லெஸ் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா அரை ஆம்ப் கிட்ட, அது ஒரு 5, பேசுறப்ப 5, 6 ஆம்ப் இழுக்கும் ஆனா பேசுறது மொத்தமே சில நிமிசம்தான். பச்சை செவப்பு வெள்ளை மூனும் எல்இடியா இருந்தா சேந்து அரை ஆம்ப், அதுக்கு ஒரு 5. வலை வாங்க 20 வாட் எல்இடி மூனு மணி நேரம் எரிஞ்சா அதுவும் 5. பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேத்து இன்னொரு 5. மொத்தம் 30 ஆம்ப் ஹவர். இதே பழைய 10 வாட் குண்டு பல்பு மூனு போட்டீங்கன்னா லைட்டுக்கு மட்டுமே 25 போயிரும், அதான் எல்இடி வாங்குங்கன்னு சொல்றது.

30 வேணும்னா 30 ஆம்ப் பேட்டரி வாங்கக்கூடாது. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல எறக்கினா ஆயுசு கொறையும். கார் பேட்டரி எஞ்சின ஸ்டார்ட் பண்ண ரெண்டு செகண்டு பெரிய கரண்டு குடுக்கத்தான் செஞ்சது, மெதுவா ராத்திரி முழுக்க எறக்கி ஏத்துற வேலைக்கு இல்ல, அதான் முத்துநகர் அண்ணனுக்கு வருசா வருசம் போவுது. உங்களுக்கு 75ல இருந்து 80 ஆம்ப், டீப் சைக்கிள் டைப்பு, மூடி சீல் பண்ண பேட்டரியா பாருங்க. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஒசந்த டியூப்லர் வேணாம், வெயிட்டும் ஜாஸ்தி, அலைல போட் சாயறப்ப ஆசிட் சிந்தும். காசு இருந்தா லித்தியம், எல்எப்பின்னு சொல்ற டைப்பு, வெயிட்டு பாதிக்கும் கம்மி, முக்கால்வாசி வரைக்கும் எறக்கலாம், ஆனா சார்ஜர் அதுக்கு ஏத்ததா இருக்கணும்.

மீட்டர் ஒன்னு வாங்கி வச்சிக்குங்க, 300, 400 ரூவா மல்டிமீட்டர் போதும். லெட் ஆசிட் பேட்டரி எந்த லோடும் இல்லாம கொஞ்ச நேரம் சும்மா இருந்தப்புறம் 12.7 காட்டினா புல்லு, 12.2 காட்டினா பாதி, 11.8 கிட்ட வந்தா கிட்டத்தட்ட காலி. கடல்ல 12.2 வந்தாச்சுன்னா தேவையில்லாதத எல்லாம் ஆஃப் பண்ணிட்டு லைட்டும் வயர்லெஸ்சும் மட்டும் வைங்க.

வயர் பத்தி சாப்பிட்டு வந்து எழுதுறேன், அது பெருசு.

டிசி கரண்டு:

வந்துட்டேன். வீட்டு வயர். வீட்ல 230 வோல்ட்டு, ஒரு வோல்ட்டு வழில கரைஞ்சா யாருக்கும் தெரியாது. இங்க இருக்கறதே 12, ஒரு வோல்ட்டு போனா பன்னெண்டுல ஒரு பங்கு போச்சு. உங்க ஒன்றரைய விடுங்க, நெறைய பேரு போட்ல இழுக்கிற ஒரு ஸ்கொயர் வயர எடுத்துக்குங்க, பேட்டரில இருந்து வயர்லெஸ்சுக்கு 6 மீட்டர்னு வச்சா போக வர 12 மீட்டர். 6 ஆம்ப் இழுக்கறப்ப ஒன்னே கால் வோல்ட்டு வழிலயே போயிரும். பேட்டரி 12.2ல இருந்தா செட்டுக்கு வர்றது 11 கூட இல்ல. அதான் சில பேரு சொல்லுவாங்க, செட்டு நல்லா கேக்குது ஆனா மைக்க அமுக்கினா ஆஃப் ஆயிடுதுன்னு. செட்டு மேல தப்பு இல்ல, வயர் மெலிசு. அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டா 0.3 வோல்ட்டுதான் போவும்.

இன்னொரு விசயம், வீட்டு வயர்ல உள்ள இருக்கிறது வெறும் செம்பு. உப்புக்காத்து இன்சுலேஷனுக்குள்ள நுனி வழியா ஏறும், ஒரு சீசன் கழிச்சு உரிச்சு பாத்தீங்கன்னா உள்ள கருப்பா பச்சையா மாவு மாதிரி இருக்கும், ஒரு அடி வெட்டினாலும் உள்ள அதேதான். வெள்ளீயம் பூசின செம்பு வயர் வேணும். மரைன் வயர்னு கேட்டா நம்ம ஊர் கடைல முழிப்பாங்க, அதனால சோலார் கடைக்கு போங்க. சோலார் பேனல்ல இருந்து கீழ வர்ற டிசி கேபிள், 4 ஸ்கொயர், 6 ஸ்கொயர்னு கருப்பு செவப்புல மீட்டர் கணக்குல வெட்டி குடுப்பாங்க, அது பெரும்பாலும் வெள்ளீயம் பூசினதுதான், வெயில் தாங்குற ரெட்டை உறையோட வரும். ஒரு நுனிய உரிச்சு பாத்து வாங்குங்க, உள்ள வெள்ளியா இருக்கணும், செம்பு நெறத்துல இருந்தா வேணாம். பேட்டரில இருந்து பெட்டிக்கு 6 ஸ்கொயர், மத்ததுக்கு 4 ஸ்கொயர், சின்ன லைட்டுக்கு அது ஜாஸ்திதான் ஆனா ஒரே வயரா வாங்கினா சுலபம்.

ஜாயிண்ட்ட முறுக்கி டேப் சுத்தாதீங்க. ஈயம் வச்சும் பத்தாதீங்க, ஈயம் ஏறின எடம் கம்பி மாதிரி வெறைச்சிக்கும், லம்பாடி அதிருற அதிர்ச்சில அந்த எடத்துலயே ஒடியும். லக்கு போட்டு கிரிம்ப் டூல்ல அமுக்கி, உள்ள பசை இருக்கிற சுருங்குற ஸ்லீவ் மாட்டி லைட்டர்ல காட்டுங்க, ஓரத்துல பசை பிதுங்கி வரணும். கட்டிங் பிளேயர்ல அமுக்கினதெல்லாம் கிரிம்ப் ஆவாது. டெர்மினல் மேல வாசலின் தடவுங்க.

பியூஸ். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 7 இஞ்சுக்குள்ள, அதாவது ஒரு சாண் கூட இல்ல, அங்கயே மெயின் பியூஸ் 30 ஆம்ப். பெட்டிக்குள்ள ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி பியூஸ், லைட்டுக்கு 5, வயர்லெஸ்சுக்கும் எக்கோவுக்கும் செட்டு கூட வந்த புக்குல என்ன போட்டிருக்கோ அது. பியூஸ் செட்டுக்காக மட்டும் இல்ல, வயர் தீப்பிடிக்காம இருக்கத்தான். பியூஸ் போனா சிகரெட்டு பாக்கெட்டு பேப்பர சுத்தி வைக்கிற வேலைய நான் கண்ணால பாத்துருக்கேன், அந்த படகுல வயர் பாதி தூரம் உருகி பைபர்ல கருப்பா கோடு விழுந்திருந்துச்சு, கரைல நின்னப்ப நடந்ததால ஆள் தப்பிச்சாங்க.

பம்ப் மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாடியே எடுக்கணும், தனி பியூஸ்சோட நேரா பேட்டரில இருந்து. நீங்க மெயின ஆஃப் பண்ணிட்டு வீட்ல தூங்குறப்ப மழை பேஞ்சா மெதக்கற சுவிட்ச் அதுவா பம்ப்ப போடும். ஆனா கேனை வெட்டி தண்ணி இறைக்கிற பழக்கத்த விட்ராதீங்க.

தேங்காப்பட்டணம் மக்கா:

டிசி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் கன்னியாகுமரி மாவட்டம், வள்ளத்துல அவுட்போர்டு, பின்னால வெளிய மாட்டுற எஞ்சின். எங்களுக்கு பெட்ரோல் மண்ணெண்ணெய் டேங்கு பக்கத்துல பேட்டரியோ சுவிட்சோ வரக்கூடாது, ஒரு பொறி போதும், உங்களுக்கு டீசல்ங்கதால அந்த பயம் கொறவு. பேட்டரிய பெட்டில போட்டு பெல்ட் கட்டுங்க மக்கா, ஆனா பெட்டிய காத்து போவாம மூடிராதீங்க, சார்ஜ் ஏறும்போ அதுலருந்து கேஸ் வரும்.

நான் சொல்ல வந்தது வயர்லெஸ் பத்தி. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் எங்க ஊர்ல யாருக்கும் மறக்காது. கரை தாண்டி கொஞ்சம் போனாலே செல்போன் வெறும் டார்ச்சுதான், அண்ணன் செல்போன நம்பி இருக்காதீங்க. விஎச்எப் போடுறதுன்னா கையில பிடிக்கிற 5 வாட் செட்டு போதும்னு நெனக்காதீங்க, 25 வாட் செட்டு பிக்ஸ் பண்ணுங்க, அதவிட முக்கியம் ஆன்டெனா எவ்வளவு ஒசரத்துல இருக்குங்கறது. இந்த அலை நேர்கோட்டுலதான் போவும், 25 வாட்ட தரைல வச்சா ஒன்னுக்கும் ஆவாது. ஆன்டெனா கேபிள் மாட்டாம மைக்க அமுக்கி பாக்காதீங்க, செட்டு உள்ள கெட்டுப்போயிரும். சேனல் 16 எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கணும், ஆபத்துன்னா அதுலதான் கூப்பிடணும், ஊர்க்கதைய வேற சேனல்ல பேசுங்க. கோஸ்ட் கார்டு 1554, நம்ம கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ரெண்டையும் வீல்ஹவுஸ்ல, படகு ஓட்டுற ரூம்ல எழுதி ஒட்டுவாங்க, உங்களுக்கு வீல்ஹவுஸ் இருக்காது, பேட்டரி பெட்டி மூடிலயே பெயிண்டுல எழுதிருங்க. அப்புறம் 2024 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரா பால்கர்ல தொடங்கி வச்ச ட்ரான்ஸ்பாண்டர் திட்டம் இருக்கு, ஒரு லட்சம் படகுக்கு 364 கோடின்னு போட்டாங்க, செல்போன் டவர் இல்லாத எடத்துலருந்தும் சேட்டிலைட் வழியா சேதி அனுப்பலாம். உங்க மீன்வளத்துறை ஆபீஸ்ல போய் கேளுங்க, கேக்காம கெடைக்காது.

எக்கோவோட அடிக்கண்ணு, டிரான்ஸ்டியூசர், அத மாட்ட போட்ட ஓட்டை போடாதீங்க. பைபர் முழுசும் கெட்டியா இருந்தா உள்பக்கமே எபாக்ஸி வச்சு ஒட்டலாம், சத்தம் பைபர் வழியா கீழ போயி திரும்பி வரும். நடுவுல தெர்மாகோல் மாதிரி போம் வச்ச எடத்துல ஒட்டினா ஒன்னும் தெரியாது. ஒட்டும்போ காத்து கொப்பளம் ஒன்னு கூட இருக்கக்கூடாது. எஞ்சினோட அதிர்ச்சிக்கும் ஷாப்ட்டு கெளப்புற நொரைக்கும் தள்ளி வைங்க. அந்த கேபிள மத்த வயர் கூட சேத்து கட்டாதீங்க, தனியா எதிர்பக்கமா கொண்டு போங்க.

வாடைக்காத்து28:

அண்ணன்மாரே ரொம்ப நன்றி, மச்சான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு இருக்காரு, அவருக்கு இப்பதான் வீட்டு வயரிங்கும் இதுவும் வேறன்னு புரியுது. ரெண்டு சந்தேகம். ஒன்னு, டைனமோ இல்லாததால சோலார் போட்டா தெனமும் ஏறிடுமா? ரெண்டாவது அண்ணன் கேக்குறாரு, லைட்டுன்னு போடுறதுதான் போடுறோம், பக்கத்து ஊர்ல வக்கிற மாதிரி பெரிய எல்இடி ரெண்டு வச்சா மீன் கூடுமாமே, அதுக்கும் சேத்து பேட்டரி வாங்கிடலாமான்னு.

முத்துநகர் மாலுமி:

தம்பி அண்ணன் கிட்ட சொல்லுங்க, அது வேணாம். மீனுக்கு வெளக்கு போட்டு பிடிக்கிறத மத்திய அரசு 2017 நவம்பர்ல தடை போட்டாச்சு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாங்க வலை விட்டு கெடக்கோம், ஒருத்தன் வந்து ஊரு மாதிரி வெளிச்சத்த போட்டு குஞ்சு குளுவான் எல்லாத்தையும் வாரிட்டு போவான், அப்புறம் அந்த எடத்துல நாங்க என்னத்த பிடிக்க? பேட்டரில நான் கஞ்சன்தான், இதுல என் கட்சி வேற.

டிசி கரண்டு:

அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒன்னும் இல்ல. வலை வாங்க 20 வாட் போதும், அதையும் கீழ பாத்த மாதிரி திருப்பி வைங்க, வெளிய அடிச்சா உங்க பச்சை செவப்ப மத்தவன் பாக்க முடியாது. ஒங்க கண்ணும் கூசும், அப்புறம் இருட்டுல ஒன்னும் தெரியாது.

லைட்டு விசயத்துலயே இன்னொன்னு. 7 மீட்டருக்கு கம்மியா இருந்து வேகமும் 7 நாட் (knot, மணிக்கு 13 கிலோமீட்டர் கிட்ட) தாண்டாத படகுக்குத்தான் ஒரே ஒரு வெள்ளை லைட்டு போதும்னு சர்வதேச கடல் விதி சொல்லுது, 28 அடின்னா எட்டரை மீட்டர், அதனால உங்களுக்கு பச்சை செவப்பு கட்டாயம். இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்சை, சுத்தி தெரியற வெள்ளை லைட்டு அந்த ரெண்டுக்கும் ஒரு மீட்டராவது மேல. இது ஓடுறப்ப. வலை விட்டு கெடக்கறப்ப வேற, மேல செவப்பு கீழ வெள்ளை, ரெண்டும் சுத்தி தெரியணும், வலை 150 மீட்டருக்கு மேல நீண்டு கெடந்தா அது போற பக்கம் இன்னொரு வெள்ளை. இழுவலை போடுற படகுக்கு மேல பச்சை கீழ வெள்ளை. அதனால குழாய்க்கம்பம் ஒன்னு நட்டு மேல செவப்பு கீழ வெள்ளை ரெண்டு லைட்டையும் மாட்டி தனித்தனி சுவிட்ச் குடுங்க, போறப்ப வெள்ளை மட்டும், வலை விட்டா ரெண்டும். உங்க மேல வந்தானே அந்த விசைப்படகுக்காரன், செவப்பு வெள்ளைய பாத்திருந்தா முன்னாடி வலை கெடக்குன்னு அவனுக்கு தூரத்துலயே தெரிஞ்சிருக்கும்.

சோலார் நல்லா ஒத்துவரும். நம்ம ஊர் வெயிலுக்கு 100 வாட் பேனல் நல்ல நாள்ல 350 வாட் ஹவர் கிட்ட குடுக்கும், உங்களுக்கு தேவை 30 ஆம்ப் ஹவர், 12ஆல பெருக்கினா 360. கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கும், கார்த்திகை மார்கழில மூடாக்கு போட்டா பத்தாது. 150 வாட் போட்டு 20 ஆம்ப் சோலார் சார்ஜ் கண்ட்ரோலர் வைங்க, அப்பயும் வாரத்துக்கு ஒரு நாள் கரைல சார்ஜர்ல போட்டு புல்லாக்குங்க. கண்ட்ரோலர்ல மொதல்ல பேட்டரி வயர், அப்புறம்தான் பேனல் வயர், கழட்டுறப்ப தலைகீழ். பேனல அமரத்துல, போட் பின்பக்கத்துல, குழாய் வளைவு மேல வைங்க, கரைல நிக்கிறப்ப அது மேல வலைய காயப்போட்ராதீங்க, ஒரு ஓரம் நெழல் விழுந்தாலே பாதிக்கு மேல போயிரும். நான் பாத்த பாதி சோலார் கம்ப்ளெய்ண்ட்டு காக்கா எச்சம்தான்.

குருநகரான்:

வணக்கம் தம்பி, நான் யாழ்ப்பாணம் குருநகர். எங்கட போட் 18 அடி, பின்னுக்கு 15 எச்பி மோட்டர். எனக்கு நடந்த ஒரு விசயத்தைச் சொல்லுறன், உங்களுக்கு உதவும். பம்ப் வயரை நான் போட்டின்ர அடியிலயே ஜொயின்ற் பண்ணி டேப் சுத்தி விட்டிட்டன். அது எப்பவும் தண்ணிக்குள்ளதான் கிடந்தது, அதில எப்பவும் கரண்ட் இருந்ததும் எனக்குத் தெரியேல்ல, ஏனெண்டா மெயின் சுவிச்ச நான் நிப்பாட்டித்தான் விடுறனான். நாலு மாசத்தில தண்ணி திறந்து விடுற பித்தளை அடைப்பு செம்பு நிறமா மாறிப்போச்சு, கத்தியால சுரண்டினா மா மாதிரி உதிருது. பழைய பித்தளையெண்டு நினைச்சு புதுசு போட்டன், அதுவும் அப்பிடியே. பிறகு ஒருத்தர் வந்து பாத்துத்தான் சொன்னவர், பாசிட்டிவ் அந்தத் தண்ணிக்குள்ளால கசிஞ்சு பித்தளையத் தின்னுது எண்டு. நல்ல காலம் கடலில கழண்டு விழேல்ல.

அதால பம்பின்ர ஜொயின்ற்றை தண்ணி ஏறாத உயரத்தில வையுங்கோ. பிறகு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, பம்ப் லைன்ர பியூசைக் கழட்டி அந்த இடத்தில மீற்றரை ஆம்ப்பில வைச்சுப் பாருங்கோ, ஒண்டும் காட்டக்கூடாது. நான் இப்ப மாசத்துக்கு ஒருக்கா பாக்கிறனான். இன்னுமொண்டு, கொம்பாசுக்குப் பக்கத்தால வயர் கொண்டு போனா ரெண்டையும் முறுக்கிக் கொண்டு போங்கோ, ஸ்பீக்கரையும் கிட்ட வைக்காதேங்கோ, ஊசி திரும்பிப்போடும்.

முத்துநகர் மாலுமி:

இத படிச்சிட்டு இப்ப போயி என் போட்ட பாத்தேன். பம்ப் ஜாயிண்ட்டு தண்ணிக்குள்ளதான் கெடக்கு. டிசி தம்பி, அந்த பசை ஸ்லீவு எங்க கெடைக்கும்?

டிசி கரண்டு:

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைல கேளுங்கண்ணே, பசை உள்ளதுன்னு அழுத்தி சொல்லுங்க, சாதா ஸ்லீவ குடுத்துருவாங்க. சாதாவ விரல்ல விட்டு பாத்தா உள்ள வழுவழுன்னு இருக்கும், பசை உள்ளதுல சுவர் தடிமனா பளபளன்னு ஒரு படலம் தெரியும்.

வாடைக்காத்து28:

மூனு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிக்கணும். வேலை முடிஞ்சிருச்சு. ஆட்டோ எலெக்ட்ரீஷியன கூப்பிடல, மச்சானும் நானும்தான் செஞ்சோம். 80 ஆம்ப் சீல்டு பேட்டரி, 150 வாட் பேனல், சோலார் கடைல 4 ஸ்கொயர் கேபிள் போக வர கணக்கு பண்ணி வாங்கினோம், முதல் கடைல உரிச்சு பாத்தா செவப்பா இருந்துச்சு, ரெண்டாவது கடைலதான் வெள்ளையா கெடைச்சுது. பிவிசி பைப்ப அணியம் வரைக்கும் ஓரமா ஓட்டி அதுக்குள்ள வயர் போட்டோம். வயர்லெஸ் ஆன்டெனாவ லைட்டு கம்பத்து உச்சில வச்சாச்சு. பேட்டரி 12.5 இருக்கறப்ப செட்டு பின்னாடி மீட்டர வச்சிக்கிட்டு மைக்க அமுக்கினேன், 12.1 வரைக்கும்தான் எறங்குச்சு. எக்கோ உள்பக்கமே ஒட்டினது, 14 பாகம் ஆழத்துல தரை சுத்தமா தெரியுது.

ஒரே ஒரு கொறை. ராத்திரில சேனல் 16ல ஒரே இரைச்சல், பகல்ல இல்ல. எல்இடிதான் காரணமா இருக்கும்னு அண்ணன் சொல்றாரு, 20 வாட்ட கழட்டி வீசிடுவேங்கறாரு.

டிசி கரண்டு:

வீச வேணாம். இரைச்சல் வர்றப்ப ஒவ்வொன்னா ஆஃப் பண்ணி பாருங்க, சுவிட்ச மட்டும் இல்ல, பியூஸையே உருவுங்க. எது போனா இரைச்சல் போவுதோ அதுதான். வெலை கம்மியான எல்இடிக்குள்ள இருக்கிற டிரைவர்ங்கற சின்ன சர்க்யூட் அப்படி பண்ணும், ஆனா அது மட்டும்தான்னு சொல்ல முடியாது.

வாடைக்காத்து28:

நேத்து ராத்திரி கடல்ல வச்சே ஒவ்வொரு பியூஸா உருவினோம். எல்இடி இல்ல. அண்ணன் போன் சார்ஜ் போட 80 ரூவாக்கு வாங்கி வச்சிருந்த யுஎஸ்பி சார்ஜர், போன சொருகுனாலே ஆரம்பிக்குது, ராத்திரிலதான சொருகுவாரு. அதை கழட்டினதும் ரேடியோ அப்படியே அமைதி ஆயிருச்சு, காரைக்கால் பக்கம் யாரோ விலை பேசிக்கிட்டு இருந்தது கூட தெளிவா கேக்குது. சார்ஜர மச்சானோட மினி லாரிக்கு குடுத்தாச்சு, அதுல ரேடியோவே கிடையாது.